மீதிப் பங்கு யாருக்கு?

உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் மத்திய சேம நிதிக் கணக்கில், அதாவது மசேநியில் இருக்கும் பணம் உங்களுக்குப் பிறகு யாருக்குப் போக வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா?

தேக்காவிலும் டன்லப் ஸ்திரீட்டிலும் உணவுக்கடைகளில் நிற்பவர்கள், பேருந்து ஓட்டுபவர்கள், இரவுக் காவல் பார்ப்பவர்கள் என்று நம் தமிழ் முஸ்லிம் சகோதரர்களிடம் பல ஆண்டுகளாக இதைக் கேட்டு வருகிறேன். கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் மூன்றுதான். "இன்னும் எழுதலை சார்." "எழுதியாச்சு சார், கல்யாணத்துக்கு முன்னாடியே, அம்மா பேர்ல." மூன்றாவது பதில்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "அப்படி எழுதக் கூடாதாமே? அல்லாஹ்வோட சட்டம் இருக்கும்போது நாம யாரு பங்கு வைக்கிறதுக்கு?"

முதல் பதில் சோம்பல். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது பதிலில் ஒரு பொறி இருக்கிறது. நீங்கள் நிக்காஹ் செய்துகொண்ட அன்றே பழைய நியமனம் சட்டப்படி ரத்தாகிவிட்டது. அம்மா பெயரும் அதில் இல்லை, மனைவி பெயரும் இல்லை. எழுதி வைத்திருக்கிறோம் என்ற நிம்மதியில் இருபது வருடம் ஓட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது பதிலில் இருப்பது இறையச்சம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அச்சத்திற்கான விலையைக் கொடுப்பவர் அந்தத் தகப்பனார் அல்லர், அவருடைய பிள்ளைகள். குறிப்பாகப் பெண் பிள்ளைகள். ஆகவே அதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

நான் ஆலிம் இல்லை, வழக்கறிஞன். மார்க்கத்தில் எது சிறந்தது என்று உங்களுக்குப் பாடம் நடத்த வரவில்லை. சட்டம் என்ன சொல்கிறது, நம் நாட்டின் மார்க்க அறிஞர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள், நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். முஸ்லிம் அல்லாத வாசகர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

சிங்கப்பூரில் முஸ்லிம்களின் திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை ஆகியவற்றை 1966ல் இயற்றப்பட்டு 1968ல் நடைமுறைக்கு வந்த முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் நிர்ணயிக்கிறது. அதன் 112ஆம் பிரிவின்படி, இங்கு வாழ்ந்த முஸ்லிம் ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால் அவருடைய சொத்து முஸ்லிம் சட்டப்படி, அதாவது ஃபராயிள் முறைப்படி பங்கிடப்படும். யாருக்கு எத்தனை பங்கு என்று ஷரியா நீதிமன்றம் வாரிசுச் சான்றிதழ் கொடுக்கும். மசேநியில் நியமனம் செய்யாமல் இறந்தவரின் பணம் பொது அறங்காவலர் அலுவலகத்துக்குப் போகும். அந்த அலுவலகம் இந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும். அதற்குக் கட்டணமும் உண்டு.

இப்போது கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தகப்பனார் மவுத்தாகிவிட்டார். மனைவி இருக்கிறார். ஒரே ஒரு மகள், பத்து வயது. தாய் தந்தை முன்பே காலமாகிவிட்டார்கள். ஊரில் ஒரு தம்பி இருக்கிறார். மசேநியில் 120,000 வெள்ளி, நியமனம் இல்லை. மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, 15,000 வெள்ளி. ஒரே மகளுக்குப் பாதி, 60,000 வெள்ளி. மீதி? 45,000 வெள்ளி. அது அஸபா எனப்படும் மீதிப் பங்கு. ஊரில் இருக்கும் தம்பிக்குப் போகும். மனைவிக்குக் கிடைப்பதைப் போல மூன்று மடங்கு!

மகள் இரண்டு பேர் என்றால் அவர்கள் இருவருக்குமாகச் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு, 80,000. மனைவிக்கு அதே 15,000. தம்பிக்கு 25,000. ஒரு மகன் இருந்திருந்தால் தம்பிக்கு ஒன்றுமே கிடையாது. மீதி முழுவதும் பிள்ளைகளுக்கே, மகனுக்கு இரண்டு மகளுக்கு ஒன்று என்ற கணக்கில். ஆக, பெண் பிள்ளைகளை மட்டும் பெற்ற வீட்டில்தான் இந்த மீதிப் பங்கு வெளியே போகிறது. ஊரிலோ இங்கோ இரண்டு மனைவியர் இருந்தால் அந்த எட்டில் ஒன்றை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். சிலருக்கு அது தேவைப்படும்.

"பார்த்தீர்களா, இஸ்லாம் பெண்களின் பங்கைப் பிடுங்கிவிடுகிறது" என்று சிலர் உடனே கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. முஸ்லிம் அல்லாதோருக்கு இந்நாட்டில் பொருந்தும் 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவர் உயிலின்றி இறந்தால் பாதி மனைவிக்கு, பாதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருந்தால் பெற்ற தாய்க்கு ஒரு காசு கிடையாது. ஃபராயிளில் தாய்க்கு ஆறில் ஒரு பங்கு நிச்சயம். மேலே சொன்ன இரண்டு மகள்கள் கணக்கில் தாயும் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு 20,000 வெள்ளி போய், தம்பிக்கு 5,000தான் மிஞ்சும். பெண்களுக்குச் சொத்தில் பங்கே இல்லாதிருந்த ஒரு சமுதாயத்தில் மகளுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் இன்ன பங்கு என்று எண் போட்டு எழுதியது அந்தச் சட்டம். அதே குர்ஆன் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே யத்தீம்களின் பொருளைத் தின்னக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. பங்கும் எச்சரிக்கையும் சேர்ந்தே வருகின்றன. தம்பிக்கு ஏன் மீதி? அண்ணன் பிள்ளைகளைத் தூக்கி வளர்க்க வேண்டிய கடமை அவருடையது என்பதால்தான்.

கேள்வி அந்தக் கடமையைப் பற்றியது. அது இன்று எங்கே இருக்கிறது?

நம் குடும்பங்களின் கதையையே பாருங்கள். தமிழகத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த முஸ்லிம்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்தவர்கள். கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்கள் அப்படியல்ல. நெசவு நொடித்துப்போய் கப்பலேறியபோது மனைவி மக்களையும் அழைத்து வந்தார்கள். தஞ்சோங் பகார் பக்கம் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். ஆண்கள் கிடைத்த வேலையைப் பார்க்க, பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். 1941ல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அமைந்தது. 1946ல் அவர்கள் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் முஸ்லிம் பிள்ளைகளோடு மற்றத் தமிழ்ப் பிள்ளைகளும் படித்தார்கள். பின்னாளில் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982ல் அது மூடப்பட்டது. அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் அத்தா மவுத்தானால் சிற்றப்பா பக்கத்து வீட்டிலேயே இருந்தார். சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் என்பதால் நாளை அவரே மாமனாராகவும் ஆகக்கூடும். மீதிப் பங்கும் கடமையும் ஒரே வாசலில் இருந்தன. தவறினால் கேட்பதற்குத் தெருவே இருந்தது.

அந்தத் தெரு இப்போது இல்லை. வீவக வீடுகள் வந்தபின் ஒரு தம்பி உட்லண்ட்சில், ஒரு தம்பி பிடோக்கில், ஒரு தம்பி ஊரில். யாரையும் குறை சொல்லவில்லை. அவரவருக்கும் பிள்ளைகள், கடன், பள்ளிச் செலவு. ஆனால் சட்டத்தின் ஒரு கை மட்டும் இன்றும் வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள். தம்பியின் பங்கைக் கொடுக்க நீதிமன்றச் சான்றிதழ் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது, காசோலை இருக்கிறது. அண்ணன் மகளின் பள்ளிச் செலவை அவரிடமிருந்து வாங்கித் தர எந்த அலுவலகமும் இல்லை.

மனச்சாட்சியுள்ள தம்பிகள் எத்தனையோ பேர் தங்கள் பங்கை அண்ணிக்கே விட்டுக்கொடுக்கிறார்கள். நானே பல கையெழுத்துகளுக்குச் சாட்சி. அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் ஒரு குழந்தையின் சோறு சிற்றப்பாவின் நல்ல குணத்தை நம்பி இருக்க வேண்டுமா? சிற்றப்பா நல்லவராகவே இருந்து, அவரும் மவுத்தாகி, அவருடைய வாரிசுகளிடம் கேட்க வேண்டிய நிலை வந்தால்?

மார்க்கம் தடுக்கிறதா?

இனி அந்த மூன்றாவது பதிலுக்கு வருவோம். மசேநியில் பெயர் எழுதுவது ஹராமா? இந்த எண்ணம் ஆகாயத்திலிருந்து வரவில்லை. 1971ல் நம் நாட்டு ஃபத்வா குழு, மசேநியில் பெயர் எழுதப்பட்டவர் பணத்தைப் பெற்று வாரிசுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே என்று கூறியிருந்தது. நம் பெரியவர்கள் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் 2010ல் முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஃபத்வா குழு இதை மறுபடி ஆராய்ந்து, மசேநி நியமனத்தை மார்க்கப்படிச் செல்லத்தக்க ஹிபாவாக, அதாவது அன்பளிப்பாகக் கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. ஆண்டுகள் பல ஓடிவிட்டன. இன்றும் காப்பிக் கடையில் பழைய பேச்சே ஓடுகிறது. மலாய்ச் சகோதரர்களின் வீடுகளை இந்தச் செய்தி ஓரளவு எட்டிவிட்டது. நம் வீடுகளில் அது இன்னும் வாசலில்தான் நிற்கிறது.

வீட்டு விஷயத்திலும் இதே குழப்பம். கணவனும் மனைவியும் கூட்டு உரிமையாளர்களாக வாங்கிய வீட்டில் ஒருவர் இறந்தால் மற்றவருக்கு முழு வீடும் சேரும் என்பது நாட்டுச் சட்டம். இறந்தவரின் பாதி ஃபராயிளுக்கு வர வேண்டும் என்று ஒரு வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2010ல் நீதிமன்றம் வீடு மனைவிக்கே என்றது. பின்னர் 2019ல் ஃபத்வா குழுவும் கூட்டு உரிமை ஒப்பந்தம் மார்க்கப்படியும் செல்லும், உயிரோடிருப்பவரே முழு உரிமையாளர் என்று அறிவித்துவிட்டது. சட்டமும் ஃபத்வாவும் கைகுலுக்கிக்கொண்டன. ஆனாலும் "பாதி வீடு எங்களுக்கு வரணும்" என்று விதவையிடம் வந்து நிற்கும் சொந்தக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். சகோதரிகளே, யாராவது அப்படி வந்தால் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இது கணவன் மனைவி இருவர் பெயரும் உரிமையாளராக இருக்கும் வீட்டுக்குத்தான். நம்மவர் பலர் ஊரிலிருந்து பெண்ணெடுக்கிறார்கள். வீடு வாங்கும்போது மனைவி நீண்டகால வருகை அட்டையில் இருந்தால் அவர் உரிமையாளராக முடியாது. குடியிருப்பவர் என்று மட்டும் பதிவாகும். பிறகு அவர் நிரந்தரவாசியாகி, பிள்ளைகள் பெற்று, பதினைந்து வருடம் அந்த வீட்டுக்கு விளக்கேற்றினாலும் பத்திரத்தில் அவர் விருந்தாளிதான். அப்படிப்பட்ட வீடு கணவருக்குப் பின் முழுவதுமாக ஃபராயிள் கணக்குக்குள் வந்துவிடும். மனைவிக்கு நிரந்தரவாசத் தகுதி கிடைத்தவுடன் உரிமையாளர் பெயரில் சேர்க்க முடியுமா என்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் விசாரியுங்கள். அடுத்த நோன்புப் பெருநாள் வரை தள்ளிப் போட வேண்டாம்.

இந்த மீதிப் பங்கு நமக்கு மட்டும் உள்ள தலைவலி என்று நினைக்காதீர்கள். கேரளத்தில் காசர்கோடு மாவட்டத்தில் சி. ஷுக்கூர் என்ற வழக்கறிஞர், திரைப்படத்திலும் நடித்தவர், தம் மனைவி ஷீனாவை 2023 மார்ச் 8ஆம் தேதி, மகளிர் தினத்தன்று மறுபடியும் மணந்துகொண்டார். 1994ல் நிக்காஹ் முடித்த அதே மனைவியைத்தான்! அவர்களுக்கு மூன்று மகள்கள், மகன் இல்லை. இந்தியாவின் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்துகொண்டால் வாரிசுரிமைக்கு வேறு சட்டம் பொருந்தும், முழுச் சொத்தும் மகள்களுக்கே போகும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். அவர்களைக் கண்டித்தவர்களும் உண்டு, பாராட்டியவர்களும் உண்டு. என் கருத்து என்னவென்றால், தங்கள் மார்க்கத்தை விடாமல் மகள்களையும் விடாமல் இருக்க ஒரு தம்பதி அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. இங்கே அந்த வழியும் கிடையாது. கணவன் மனைவி இருவரும் முஸ்லிம் என்றால் மாதர் சாசனத்தின்கீழ் மணக்க முடியாது. ஆனால் அவர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. மார்க்க அறிஞர்களே செல்லும் என்று சொல்லிவிட்ட நியமனப் படிவம்.

ஊரைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்ப் பணத்தில் "ஷரீஅத்படி எங்கள் பங்கு" என்று கேட்கும் சில வீடுகளில், ஊரில் இருக்கும் பூர்வீக நிலத்திலும் வீட்டிலும் கூடப்பிறந்த சகோதரிகளுக்கு ஷரீஅத்படி பங்கு கொடுத்தார்களா என்று விசாரித்துப் பாருங்கள். 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டது என்றாலும், சென்னை மாகாணம் 1949லேயே திருத்தம் செய்து அதையும் சேர்த்துவிட்டது. சட்டம் இருக்கிறது. ஆனால் சகோதரி "எனக்கு வேண்டாம் அண்ணே, நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்ல வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. வாங்கும்போது ஷரீஅத், கொடுக்கும்போது ஊர் வழக்கம்! இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள் ஐயா.

யார் மொழிபெயர்க்கிறார்?

இந்தப் பக்கத்தைப் படிக்கும் நமக்குச் சிறுபான்மை உரிமை என்ற சொல் புதிதல்ல. சிங்கப்பூர் இந்தியர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் முஸ்லிம்கள். முஸ்லிம்களில் மலாய்க்காரர்கள் பெரும்பான்மை. அதாவது தமிழ் முஸ்லிம் இரண்டு பக்கமும் சிறுபான்மை. சம்பளச் சீட்டைப் பாருங்கள். விலகிக்கொள்ளாதவரை முஸ்லிம் என்பதால் பள்ளிவாசல் கட்டட, மெண்டாக்கி நிதிக்கு ஒரு பிடித்தம், இந்தியர் என்பதால் சிண்டாவுக்கு ஒரு பிடித்தம். கொடுக்கும்போது இரண்டு சமூகத்திலும் நாம் கணக்கில் வருகிறோம். நல்லது, கொடுப்போம்.

ஆனால் கணவனை இழந்த ஒரு தமிழ்ப் பெண் இத்தாவில் இருக்கிறார் என்று வையுங்கள். ஊரில் எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். ஆங்கிலம் கொஞ்சம், மலாய் கடையில் பேரம் பேசும் அளவு. சான்றிதழ், படிவம், பங்கு, விலக்கு என்று காகிதங்கள் வருகின்றன. யாரைத் துணைக்கு அழைப்பார்? வீட்டில் ஆங்கிலமும் மலாயும் தெரிந்த ஆண் யார்? பெரும்பாலும் கொழுந்தன். அவரே வண்டி பிடிக்கிறார், அவரே கவுண்டரில் பேசுகிறார், அவரே "இங்க கையெழுத்துப் போடுங்க மச்சி" என்று விரலால் காட்டுகிறார். அந்தக் கொழுந்தன்தான் மீதிப் பங்கின் வாரிசும். அவர் பத்தரை மாற்றுத் தங்கமாகவே இருக்கட்டும். எந்த நீதி முறையில் ஒரு வழக்கின் எதிர்த்தரப்பே மொழிபெயர்ப்பாளராகவும் இருக்கலாம்?

நான் பார்த்தவரை, இந்தப் பெண்கள் ஏமாற்றப்பட்டதைவிடப் புரியாமல் தலையாட்டியதுதான் அதிகம். அதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. புரியாத மொழி ஒன்றே போதும்.

தமிழ் இந்நாட்டின் அதிகாரபூர்வ மொழி. அரசியல் சாசனத்தின் 153ஏ பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது. இன, சமயச் சிறுபான்மையினரின் நலனைத் தொடர்ந்து பேணுவது அரசின் பொறுப்பு என்று 152ஆம் பிரிவு சொல்கிறது. முஸ்லிம் சமய விவகாரங்களுக்குச் சட்டம் இயற்ற வேண்டும் என்று 153ஆம் பிரிவு சொல்கிறது. இந்த மூன்று பிரிவுகளும் வரிசையாக ஒரே இடத்தில் இருக்கின்றன. ஆகவே முஸ்லிம் வாரிசுரிமை பற்றித் தமிழில் விளக்கம் கேட்பது சலுகை கேட்பதாகாது. எந்தக் கவுண்டராக இருந்தாலும் "எனக்குத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும்" என்று கேளுங்கள். உடனே இல்லை என்றால் வேறு தேதி கேளுங்கள். புரியும்வரை கையெழுத்து வேண்டாம்.

அரசிடம் கேட்பதற்கு முன் நம் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். அப்துல் கபூர் பள்ளிவாசலிலும் ஜாமியா சூலியா பள்ளிவாசலிலும் வெள்ளிக்கிழமை பயான் தமிழில் நடக்கிறது. வருடத்தில் ஒரே ஒரு ஜும்ஆவை இதற்கு ஒதுக்க முடியாதா? நிக்காஹ் நடத்தும்போது மஹரைக் கேட்டு எழுதும் நம் பெரியவர்கள், "மாப்பிள்ளை, மசேநி நியமனத்தைப் புதுசா எழுதிட்டீங்களா? பழசு இன்னைக்கோட போச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஊர்ச் சங்கங்கள் பல இருக்கின்றன. ஆண்டு விழாவுக்கு மண்டபம் பிடிக்கிறார்கள், பிரியாணி போடுகிறார்கள், சாதனையாளர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். மகிழ்ச்சி. அதே மண்டபத்தில் அரைநாள், ஆலிம் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர், மடிக்கணினி நான்கு. பெண்களும் முன்வரிசையில். அந்த அரைநாளில் ஐம்பது குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வழி பிறந்துவிடும்.

முஸ்லிம் சட்டத்தைக் காப்பது நம் சிறுபான்மை உரிமை, அதில் பிள்ளை உரிமை, பெண் உரிமை என்று கிளப்பாதீர்கள் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. சிங்கப்பூர் 1995ல் குழந்தை உரிமை உடன்படிக்கையிலும் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையிலும் சேர்ந்தபோது, இந்த இரண்டாவதில் முஸ்லிம் சட்டத்தை முன்னிட்டுச் சில விலக்குகளை வைத்துக்கொண்டது. 2011ல் அவற்றில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றது. மார்க்கம் குலைந்துவிடவில்லை. ஒரு சமூகத்துக்குத் தன் சட்டத்தை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று நான் நீதிமன்றத்திலும் வெளியிலும் வாதாடுவேன். அந்தச் சமூகத்துக்குள்ளே பத்து வயதுப் பெண் பிள்ளை ஒரு சிறுபான்மை. அவளுக்காகப் பேசுவதும் அதே வேலைதான்.

முஸ்லிம் அல்லாத வாசகர்களைக் காத்திருக்கச் சொன்னேன். நம் குடும்பங்களில் காதலித்து இஸ்லாத்தைத் தழுவி மணந்துகொண்ட அண்ணனோ தங்கையோ இல்லாத சொந்தம் குறைவு. அப்படி மார்க்கத்திற்கு வந்த மகன் இறந்தால், இந்துவாகவே இருக்கும் அவருடைய தாய் ஃபராயிளில் வாரிசு ஆகமாட்டார். மகன் மாதாமாதம் அனுப்பிய 300 வெள்ளியில்தான் அந்த அம்மா மருந்து வாங்கியிருப்பார். அவருக்கு ஏதாவது சேர வேண்டுமென்றால் மகன் உயிரோடு இருக்கும்போதே வஸிய்யத் எழுத வேண்டும், அல்லது மசேநி நியமனத்தில் ஒரு விகிதம் ஒதுக்க வேண்டும். வஸிய்யத்தில் வாரிசு அல்லாதோருக்குச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை எழுதலாம். வளர்ப்புப் பிள்ளைக்கும் இதுவே வழி. அண்ணன் மகளைத் தொட்டிலிலிருந்து எடுத்து வளர்த்தாலும் ஃபராயிள் அவளை வளர்த்தவரின் வாரிசாகக் கொள்ளாது. சட்டப்படி தத்தெடுத்த பத்திரம் கையில் இருந்தாலும் அப்படித்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நியமனம் ஒரு கத்தி மாதிரி. மகள்களைக் காப்பாற்ற நான் சொல்லும் அதே படிவத்தில் முழுப் பணத்தையும் மூத்த மகன் பெயருக்கு எழுதிவிட்டு மகள்களை வெறுங்கையோடு அனுப்பிய தகப்பன்மாரும் உண்டு. மனைவி மேல் கோபத்தில் தங்கைக்கு எழுதியவரும் உண்டு. உங்கள் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கு ஆறில் ஒன்று என்று ஃபராயிள் சொல்வதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். மீதியை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நியாயமாக விகிதம் போடுங்கள். மனைவியைக் கூட உட்காரவைத்து எழுதுங்கள். இரகசியமாக எழுதி வைப்பதால்தான் பாதிச் சண்டை வருகிறது. சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் 2010 ஃபத்வாவைச் சொல்லிக் கேளுங்கள்.

செய்முறை எளிது. நியமனத்துக்குக் கட்டணம் கிடையாது. சிங்பாஸ் வைத்து இணையத்திலேயே செய்யலாம். முடியாதவர்கள் படிவத்தில் செய்யலாம். 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும். பணம் பெறப்போகிறவரே சாட்சியாக இருக்க முடியாது, ஆகவே மனைவிக்கு எழுதினால் மனைவியைச் சாட்சியாகப் போடாதீர்கள். 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு எழுதினால் அந்த வயது வரும்வரை பொது அறங்காவலர் பணத்தை வைத்திருப்பார். அன்றாடச் செலவுக்குப் பணம் தேவைப்படும் என்றால் தாயின் பெயருக்கும் போதிய விகிதம் வேண்டும். மசேநிப் பணத்தில் வாங்கிய வீடு இந்த நியமனத்துக்குள் வராது. சார்ந்தோர் பாதுகாப்புத் திட்டத்தின் காப்புறுதித் தொகையும் வராது, அதற்குக் காப்புறுதி நிறுவனத்திடம் தனியாக எழுத வேண்டும். உயிலில் மசேநிப் பணத்தைப் பற்றி எழுதினாலும் செல்லாது. திருமணம் ஆனால் நியமனம் ரத்தாகும், அது ஊரில் நடந்த நிக்காஹ் ஆனாலும் சரி. மணவிலக்கு ஆனால் தானாக ரத்தாகாது. முன்னாள் மனைவியின் பெயர் அப்படியே இருக்கும், நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

இரண்டு சாட்சிகளுக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து டன்லப் ஸ்திரீட்டில் தேநீர் குடிக்கும்போது உங்கள் மேசையிலேயே இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.